செம்பை மறந்த மதுவம்

இந்த நிகழ்வு தொடங்கியபோது நான் எங்கள் ஆய்வுகூடத்தின் நுண்ணுயிரியல் பிரிவுக்குத் தலைவனாக இருந்தேன். திருகோணமலையில் கல்லூரிப் படிப்பையும், மலைநாட்டில் பட்டப்படிப்பையும், வெளிநாட்டில் மேற்படிப்பையும் முடித்துத் திரும்பி வந்தவன். உள்துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் அந்தக் கட்டடத்திலிருந்து என் கையெழுத்தின்றி ஓர் அறிக்கையும் வெளியே போனதில்லை. போன அறிக்கை எதுவும் குறைகூறப்பட்டுத் திரும்பி வந்ததுமில்லை. இதைத் தற்பெருமைக்காக எழுதவில்லை. அன்று என் முன்னால் வைக்கப்பட்ட தாளில் நான் ஏன் கையெழுத்திடவில்லை என்பதை மதிப்பிட, அந்தக் கையெழுத்தின் பெறுமதி உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் பணி அனுபவங்களை எழுதித் தருமாறு இப்போதைய தலைவர் கேட்டுக்கொண்டார். வளர்ப்பூடகம் தயாரிப்பதையும் கண்ணாடிப் பொருட்களைக் கிருமிநீக்குவதையும் உங்களுக்குச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். நான் எழுத விரும்புவது, ஒரு பரிசோதனை எல்லார் முன்னிலையிலும் தோற்றுப்போன ஒரு காலைப்பொழுதையும் அதற்குப் பின் வந்த சில நாட்களையும் பற்றி மட்டுமே.

துறைமுகத்தில் கட்டியிருக்கும் பெரிய மீன்பிடிப் படகுகளின் அடிப்பாகத்தில் சிப்பியும் பாசியும் ஒட்டாதிருக்க ஒருவகைப் பூச்சுப் பூசுவார்கள். அதில் செம்பு உண்டு. பூச்சு சிறிது சிறிதாகக் கரைய, அந்தச் செம்பு நீரிலும் அடிச்சேற்றிலும் இறங்கும். உயிருக்குச் சிறிதளவு செம்பு வேண்டும். அளவு மிஞ்சினால் அதுவே நஞ்சு. தலைமுறை தலைமுறையாக அந்த நஞ்சுக்குள்ளேயே வாழ நேர்ந்தால் ஓர் உயிர்க்கலத்தின் பரம்பரை அமைப்பு எப்படி மாறும், அந்த மாற்றம் நிலைக்குமா என்பது எங்கள் கேள்வி. கடலுயிர்களைக் கொண்டு விடை தேடினால் ஒருவரின் சேவைக்காலம் போதாது. மதுவம், அதாவது ஈஸ்ட், ஒரு நாளைக்குள் பல தலைமுறைகளைக் கடந்துவிடும். பாண் புளிக்கவைக்கும் அதே மதுவந்தான். ஆகவே அதைத் தேர்ந்தோம்.

அந்த வேலையைச் செய்தவர் நஸ்ரின் என்ற ஆய்வு மாணவி. தோப்பூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். தகப்பனார் வயல் செய்பவர். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வார். கேளாத கேள்விக்குச் சொல்லமாட்டார். சற்றுச் செம்பு, அது பழகியதும் இன்னும் சற்று என்று படிப்படியாகக் கூட்டி மதுவத்தை வளர்த்தார். பல வரிசைகள் இடைவழியில் செத்துப்போயின. கடைசியில் ஒரு வரிசை, தொடக்கத்தில் எடுத்த தாய் மதுவம் ஒருபோதும் வளராத செறிவில், குழாய் முழுவதும் கலங்கும்படி வளர்ந்தது. அவருடைய ஆய்வேட்டின் தலைப்பில் 'செம்பை நிலையாகத் தாங்கும் மதுவம்' என்ற சொற்கள் இடம்பெற்றன. நானும் ஆண்டுக் கூட்டத்து மேடையில் அதைப் பற்றிப் பேசியிருந்தேன்.

ஆய்வேட்டைப் பரிசீலிக்க மலைநாட்டிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். நிதானமானவர், பழுத்த அனுபவசாலி. முக்கியமான பரிசோதனை ஒன்றைத் தம் கண்முன்னே செய்துகாட்ட வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டிருந்தார். அது நியாயமான வேண்டுகோள். முதல்நாள் அவர் பார்த்திருக்க நஸ்ரின் குழாய்களில் மதுவத்தை இட்டார். தாய் மதுவத்துக்குச் செம்புள்ள குழாய்கள், செம்பில்லாத குழாய்கள். தன் மதுவத்துக்கும் அவ்வாறே.

மறுநாள் காலை நாங்கள் உள்ளே போனபோது, செம்பில்லாத குழாய்கள் எல்லாம் கலங்கியிருந்தன. செம்புள்ளவற்றில் தாய் மதுவம் வளரவில்லை, அது எதிர்பார்த்ததே. நஸ்ரினின் மதுவமும் வளரவில்லை. குழாய்கள் தெளிந்த நீர்போல நின்றன.

பேராசிரியர் ஒரு குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். இன்னொன்றையும் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நஸ்ரின் மேசையின் விளிம்பைப் பிடித்தபடி நின்றார். அதற்குள் நடைபாதையில் கதை பரவிவிட்டது. அந்தப் பெண் இத்தனை காலமும் எழுதிக்கொண்டுவந்தது வெறும் கற்பனை என்று ஒருவர் மற்றவரிடம் சொல்வது என் காதிலேயே விழுந்தது.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் கண்ணாடிக் குழாய்களுக்குத் தட்டுப்பாடு. உடைந்தால் மாற்று வராது. ஆகவே தோற்றுப்போன பரிசோதனையின் குழாய்களையே முதலில் கழுவுவோம். வெற்றி பெற்றவை படம் எடுக்கவும் காட்டவும் காத்திருக்கும். வேலையாள் ஒருவர் வழமைபோல் அந்தக் குழாய்கள் நின்ற தாங்கியைத் தூக்கப் போனார். அதை அங்கேயே வைக்கச் சொன்னேன். அறையைப் பூட்டித் திறப்பை என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் எனக்கு எந்தக் காரணமும் தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை. என்ன நடந்தது என்று தெரியாத இடத்தில் எதையும் கழுவக்கூடாது என்பது மட்டுமே தெரிந்திருந்தது. உங்கள் மேசையில் வெற்றி பெற்ற குழாயைவிடத் தோற்ற குழாயையே கவனமாகப் பாதுகாக்க வேண்டும். வெற்றி பெற்றதை மறுபடி செய்யலாம். தோற்றது எப்படித் தோற்றது என்பதற்கு அது ஒன்றே சாட்சி.

என் அறையில் நால்வர் கூடினோம். பேராசிரியர், நஸ்ரின், நான், எங்கள் மூத்த தொழில்நுட்ப அலுவலர் குலேந்திரன். குலேந்திரன் கப்பல்துறை என்ற ஊரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருபவர். எங்கள் மதுவ வகைகள் அனைத்தும் அவர் பொறுப்பில் இருந்தன. நீண்ட மின்வெட்டுக் காலத்தில் ஆழ்குளிர்ப்பெட்டியின் பனி உருகி, பல ஆண்டுகளாகச் சேர்த்த வகைகள் அழிந்தன. அதன்பிறகு அவர் எந்தப் பெட்டியையும் நம்பவில்லை. வாராவாரம் ஒவ்வொரு வகையையும் வளர்ப்பூடகம் ஊற்றிய புதிய தட்டுக்குத் தம் கையாலேயே மாற்றி வந்தார். அவர் அப்படிச் செய்யாதிருந்தால் எங்களிடம் மதுவம் என்று சொல்ல ஒன்றுமே மிஞ்சியிராது.

தேநீர் வந்தது. பேராசிரியர் இரண்டு வழிகளைச் சொன்னார். முடிவுகள் மறுபடி கிடைக்கவில்லை என்று எழுதலாம். அப்படி எழுதினால் படிப்பவர் மனதில் என்ன தோன்றும் என்பது எல்லாருக்கும் தெரியும். அல்லது, வெளியிலிருந்து வேறு மதுவம் புகுந்து வளர்ப்பு மாசடைந்துவிட்டது என்று எழுதலாம். இரண்டாவதை அவர் இரக்கத்தோடுதான் சொன்னார். மாசு எந்த ஆய்வுகூடத்திலும் நேரும். யார்மீதும் பழி வராது. மாணவி மீண்டும் தொடங்கலாம். அவ்வாறு எழுதிய ஒரு குறிப்பை என் பக்கம் நகர்த்தி, மேற்பார்வையாளர் என்ற முறையில் ஒப்பமிடுமாறு கேட்டார்.

குலேந்திரன் உடனே ஒத்துக்கொண்டார்.

"மாசு எண்டு எழுதிப்போட்டு விடுவம் சேர். பிள்ளையின்ர பேரும் கெடாது, எங்கட பேரும் கெடாது."

நான் பதில் சொல்லுமுன் நஸ்ரின் பேசினார். யாரும் கேளாமலே அவர் பேசியதை நான் அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.

"இல்ல சேர். எனக்கு அது ஏலாது. மாசு எண்டு எழுதினா நான் கவனமில்லாம வேல செஞ்ச எண்டுதான் ஆகும். பொய் சொன்ன எண்டு சொல்றதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. நான் ரெண்டும் செய்யல்ல."

"அப்ப என்ன பிள்ளை நடந்தது?" என்றார் குலேந்திரன்.

"தெரியா. தெரியாது எண்டு எழுதுங்க."

பேராசிரியர் புன்னகைத்தார். தெரியாது என்று எழுதி யாருக்கும் பட்டம் கொடுத்த வழக்கம் தம் அனுபவத்தில் இல்லை என்றார். அவர் ஏளனமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் எதிர்காலம் அந்த மேசையில் கிடந்த ஒரு தாளில் இருந்தது என்பதை நாங்கள் நால்வரும் அறிந்திருந்தோம்.

நான் பேனாவின் மூடியைத் திறக்கவில்லை. மாசு என்பதும் ஒரு முடிவே. முடிவென்றால் அதற்கு ஆதாரம் வேண்டும். ஒருவரைக் காப்பாற்ற எழுதப்படும் ஆதாரமற்ற வாக்கியமும் ஆதாரமற்ற வாக்கியமே. குலேந்திரனிடம் அந்த மதுவத்தின் தட்டை எடுத்துவரச் சொன்னேன்.

எங்கள் தாய் மதுவத்துக்கு ஒரு குறைபாடு உண்டு. அதற்கு வேண்டிய சத்தொன்றை அது தானாக ஆக்கிக்கொள்ளாது. அதனால் தட்டில் அதன் ஒவ்வொரு கலமும் பெருகித் திரளும் புள்ளிகள், கூட்டங்கள் என்போம், இளஞ்சிவப்பாகத் தோன்றும். நஸ்ரினின் மதுவம் அதிலிருந்து வந்ததால் அதுவும் அந்நிறமே. கள்ளிலிருந்தோ பேக்கரியிலிருந்தோ காற்றோடு வேறு மதுவம் வந்து புகுந்திருந்தால் வெளிறிய நிறத்தில் காட்டிக்கொடுத்துவிடும். தட்டு வந்தது. முழுவதும் இளஞ்சிவப்பு. வெளிறிய கூட்டம் ஒன்றுகூட இல்லை.

வெளியிலிருந்து எதுவும் வரவில்லை என்று நான் சொன்னேன். குலேந்திரன் தலையசைத்தார். ஆனால் அவர் நேர்மையான மனிதர். அடுத்த சந்தேகத்தையும் அவரே சொன்னார். தாயும் இளஞ்சிவப்புத்தானே, யாராவது தட்டு மாறித் தாய் மதுவத்தை எடுத்திருக்கலாமே என்றார். அந்த 'யாராவது' என்பது இருவரில் ஒருவர். ஒருவர் நஸ்ரின், மற்றவர் அவர்.

பிறகு பூட்டிய அறைக்கு எல்லாரையும் அழைத்துப்போனேன். மறுபடி அந்தக் குழாய்களைப் பார்த்தோம். இந்த முறை செம்புள்ளவற்றை அல்ல, செம்பில்லாதவற்றை. காலையில் ஒருவரும் அவற்றைக் கவனிக்கவில்லை. அவை வளரும் என்று எல்லாருக்கும் தெரியும், வளர்ந்திருந்தன. நஸ்ரின்தான் குனிந்து இரண்டு குழாய்களையும் அருகருகே பிடித்துப் பார்த்தார்.

"சேர், இது சரியில்ல. என்ட மதுவம் செம்பு இல்லாட்டி தாயவிட மெதுவாத்தான் வளரும். எப்பவும் அப்பிடித்தான். இண்டைக்கு ரெண்டும் ஒரே கலங்கல்."

"அதை ஏன் ஆய்வேட்டில் எழுதவில்லை?" என்று பேராசிரியர் கேட்டார்.

"எழுதியிருக்கன் சேர். பின்னிணைப்பில."

அவர் தமது பிரதியைப் புரட்டினார். இருந்தது.

அப்போதுதான் நான் குலேந்திரனிடம் ஒரு கேள்வி கேட்டேன். நஸ்ரினின் கடைசிப் பரிசோதனைக்கும் இன்றைய பரிசோதனைக்கும் இடையில் இந்த மதுவம் எங்கே இருந்தது, எதைத் தின்றது என்று கேட்டேன்.

"என்னட்டத்தான் சேர் இருந்தது. நான்தான் கிழமைக்குக் கிழமை மாத்தினனான்."

"என்ன ஊடகத்தில்?"

"எல்லாத்துக்கும் போடுற நல்ல சாப்பாடுதான் சேர். சோதினைக்கு முந்தி நல்லாக் கொழுக்கட்டும் எண்டு இன்னும் கவனமாக் குடுத்தனான்."

"செம்பு?"

"செம்போ? வச்சிருக்கிற பிராணிக்கு ஆராவது நஞ்சைத் தீத்துவினமோ சேர்?"

பேராசிரியர் தமது மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். நஸ்ரின் கதிரையில் இருந்துவிட்டார்.

இதன் பொருள் உங்களுக்குத் தெளிவாக வேண்டும். கலத்தின் பரம்பரைச் செய்தி நிறமூர்த்தங்கள் என்ற இழைகளில் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. கலம் பிரியும்போது மகள் கலங்கள் இரண்டுக்கும் ஒவ்வொரு பிரதி ஒழுங்காகப் போய்ச் சேர வேண்டும். நஞ்சு கலத்தை நெருக்கும்போது இந்தப் பங்கீடு அடிக்கடி தவறும். ஒரு மகளுக்கு ஒரு நிறமூர்த்தம் கூடிப்போகும். பெரும்பாலும் அது நோஞ்சானாகவே பிறக்கும். ஆனால் கூடிப்போன நிறமூர்த்தத்தில் செம்பைப் பிடித்துக் கட்டிவைக்கும் புரதத்துக்குரிய பரம்பரையலகு இருந்தால், அந்தப் புரதமும் கூடும். செம்புக்குள் மற்றவை சாக, இது வாழும். புயலில் இரண்டாவது நங்கூரம் போட்ட படகு நிலைத்து நிற்பதைப் போன்றது இது. கடல் அமைதியானதும் அந்த நங்கூரம் வெறும் பாரம். செம்பில்லாத நல்ல உணவில், கூடுதல் நிறமூர்த்தத்தைத் தற்செயலாக இழந்த கலங்கள் வேகமாகப் பெருகி மற்றவற்றைப் பின்தள்ளிவிடும். குலேந்திரனின் தட்டுகளில் வாராவாரம் இதுவே நடந்திருக்கக்கூடும். எங்கள் மதுவம் செம்பை வென்றிருக்கவில்லை. செம்பு இருந்தவரை ஒரு பாரத்தைச் சுமந்திருக்கிறது.

ஆனால் அந்த நேரத்தில் இது ஓர் ஊகம் மட்டுமே. நஸ்ரினின் முகத்தில் வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். அதற்காக ஊகத்தில் கையெழுத்திட முடியாது. மாசு என்பதற்கு ஆதாரம் கேட்டவன் இதற்கும் கேட்க வேண்டும். சோதிக்கும் வழி இருந்தது. தாய் மதுவம் மாறி வந்திருந்தால், அந்தத் தட்டிலிருந்து வரும் எந்தக் கூட்டமும் செம்பில் வளராது. பாரத்தை இழந்த கதை உண்மையானால், பெரும்பாலானவை வளராது. ஆனால் இன்னும் இழக்காத சில மிஞ்சியிருக்கும். பேராசிரியர் ஊருக்குத் திரும்பும் பயணத்தை ஒத்திவைத்தார். அதற்காக அவரை நான் இன்றும் மதிக்கிறேன்.

தட்டில் வளர்ந்தவற்றை இடம் மாறாமல் பிரதியெடுக்க வெல்வெட் துணி வேண்டும். துணியைத் தட்டின்மேல் மெதுவாக அழுத்தி, அதே துணியைப் புதிய தட்டுகளில் அழுத்தினால், ஒவ்வொரு கூட்டமும் தான் இருந்த இடத்திலேயே பதியும். எங்களிடமிருந்த துணி நைந்துபோயிருந்தது. குலேந்திரன் தாமாகவே நகருக்குப் போய் வாங்கிவந்தார். சிவப்பு வெல்வெட்டைக் கிழித்துக் கொடுத்த கடைக்காரர், சல்லி அம்மன் கோயிலுக்கோ என்று கேட்டாராம். ஆய்வுகூடத்துக்கு என்று இவர் சொல்ல, அங்கே யாருக்குக் கலியாணம் என்று கேட்டாராம். இதைச் சொல்லும்போது குலேந்திரன் சிரிக்கவில்லை. அவர் அன்று யோசனையில் இருந்தார்.

மதுவத்தை நஸ்ரின் ஐதாகப் பரப்பினார். கூட்டங்கள் தனித்தனியாக முளைத்தபின் வெல்வெட்டில் ஒற்றி, செம்புள்ள இரண்டு தட்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாகப் பதித்தார். பேராசிரியர் ஒவ்வொரு தட்டின் மூடியையும் தம் கையாலேயே நாடா ஒட்டி மூடினார். எவரும் தொடக்கூடாது என்ற நிபந்தனையை வைத்ததும் அவரே.

தட்டுகளைத் திறந்தபோது பெரும்பகுதி வெறுமையாக இருந்தது. ஆங்காங்கே சில கூட்டங்கள் மட்டும் இளஞ்சிவப்பாக வளர்ந்திருந்தன. நான் இரண்டு தட்டுகளையும் அடையாளம் பார்த்து அருகருகே வைத்தேன். வளர்ந்தவை இரண்டிலும் அதே அதே இடங்களில் இருந்தன. செம்பைக் கண்டபின் புதிதாக மாறிக்கொண்ட கலங்களானால் இடங்கள் பொருந்தியிரா. இவை வரும்போதே அப்படி வந்தவை. தாய் மதுவத்தில் அத்தகையவை இல்லை. அதையும் அதே முறையில் பதித்திருந்தோம், அந்தத் தட்டு வெறுமையாகவே இருந்தது.

பேராசிரியர் நஸ்ரினிடம் திரும்பி, அவருடைய மதுவம் இங்கேதான் இருக்கிறது என்றார். அவ்வளவே சொன்னார். நஸ்ரின் முக்காட்டின் ஓரத்தால் கண்ணைத் துடைத்துவிட்டு, வளர்ந்தவற்றிலும் வளராதவற்றிலும் சிலவற்றை எடுத்துக் கொழும்புக்கு அனுப்பி நிறமூர்த்தங்களை எண்ணிப்பார்க்க வேண்டும் என்றார். அனுப்பினோம். வளர்ந்தவற்றில் எட்டாவது நிறமூர்த்தம் ஒன்று கூடுதலாக இருந்தது. செம்பைப் பிடிக்கும் புரதத்தின் பரம்பரையலகு இருப்பது அதிலேதான். வளராதவற்றில் அந்தக் கூடுதல் இல்லை.

தட்டுகளைத் திறந்த நாள் மாலையில் குலேந்திரன் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"சேர், இது என்னால வந்தது."

"அவை உயிரோடு இருந்ததும் உங்களால் வந்ததுதான்" என்றேன். "இனி அந்த வகைக்குச் செம்பு போட்டே மாற்றுங்கள்."

"ஓம் சேர். ஆனா மனசு வராது."

"மனது வரத் தேவையில்லை. செம்பு வந்தால் போதும்."

அவர் அதற்குச் சிரித்தார்.

ஆய்வேடு அப்படியே ஏற்றுக்கொள்ளப்படவில்லை என்பதை நீங்கள் அறிய வேண்டும். நஸ்ரின் பொய் எழுதவில்லை. ஆனால் தலைப்பிலிருந்த 'நிலையாக' என்ற சொல் தவறு. அதை விட்டுவிட்டால் போதும் என்று சிலர் அவருக்கு ஆலோசனை சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. பெரும்பகுதியைத் திரும்ப எழுதினார். நஞ்சுக்குப் பழகிய கலம் எதைச் சுமக்கிறது, நஞ்சு நீங்கியதும் அதை எப்படி இறக்கிவைக்கிறது என்பதே புதிய ஆய்வேட்டின் பொருளாயிற்று. பின்னிணைப்பில் கிடந்த மெதுவான வளர்ச்சி முதலாம் அத்தியாயத்துக்கு வந்தது. பட்டம் தாமதமாகக் கிடைத்தது. தோப்பூரில் அந்தத் தாமதத்துக்கு அவர் வீட்டார் பல கேள்விகளுக்கு முகம் கொடுக்க வேண்டியிருந்தது என்றும் பின்னர் அறிந்தேன். நானும் ஆண்டுக் கூட்டத்தில் முன்பு சொன்னதை அதே மேடையில் திருத்தினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். ஒரு முடிவு எல்லார் முன்னிலையிலும் உங்களைக் கைவிடும். அப்போது அன்பான மனிதர்கள் அன்பான ஒரு சொல்லை உங்களிடம் நீட்டுவார்கள். அதை வாங்கிக்கொண்டால் அன்றைய சங்கடம் தீரும். காரணம் என்ன என்ற கேள்வி அத்தோடு முடிந்துவிடும். நாங்கள் அன்று அந்தச் சொல்லை வாங்கியிருந்தால், தட்டுகளை எறிந்திருப்போம், தாய் மதுவத்திலிருந்து மீண்டும் தொடங்கியிருப்போம், புதிய வகையையும் குலேந்திரனிடமே கொடுத்து, அதையும் இழந்திருப்போம்.

நஸ்ரின் இப்போது வேறொரு மாவட்டத்தில் விரிவுரையாளர். நல்ல பெயருடன் இருக்கிறார். ஆயினும், அந்த ஆண்டு ஆய்வுகூடத்தில் மாசு புகுந்துவிட்டது என்றும், அந்தப் பெண்ணின்மீது இரக்கப்பட்டுத் தலைவர் அதை மூடி மறைத்தார் என்றும் நடைபாதையில் இன்னும் ஒரு கதை உலவுவதாக அறிகிறேன். நீங்களும் அதைக் கேட்டிருப்பீர்கள். அது தவறு. நான் எதையும் மூடவில்லை. இரக்கத்துக்கு அங்கே வேலை இருக்கவில்லை. அந்தத் தட்டுகளில் நஸ்ரினின் மதுவத்தைத் தவிர வேறு எதுவும் இருக்கவில்லை.